உட்கார்ந்த பிறகும் பாடியவன்

வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயின் வாசம். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரின் முழங்கையிலிருந்து வந்தாலும் சரி, நேற்று இதே அறையில் உங்களில் ஒருவர் கணுக்காலில் அடித்துக்கொண்டதிலிருந்து வந்தாலும் சரி, அந்தக் குளிர்ந்த, மூக்கை அறுக்கிற வாசம் பட்டால் என் வலது கை தானாக எழும்பிவிடுகிறது. தோள் உயரத்துக்கு. குறுக்காக. ஒருவனை உள்ளே விடாமல் மறிக்கிற மாதிரி. பிறகு வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்துகொள்வேன்.

கபடி நடுவர் தேர்வில் தேறி, கழுத்தில் புது விசிலோடு வந்திருக்கிறீர்கள். என் விசிலை முட்டி கழற்றி வாங்கிக்கொண்டது. கோட்டோரமாகப் பக்கவாட்டில் ஓடி ஓடித் தேய்ந்த முட்டி. நேற்று நீங்கள் கேட்டீர்கள்: எது கஷ்டமான தீர்ப்பு என்று. போனஸ் கோட்டில் கால் தூக்கியிருந்ததா, பனியனில் விரல் பட்டதா, இப்படி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்கள். அவை எல்லாம் கண்ணின் வேலை. கண் பிசகினால் வசவு கிடைக்கும், கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். நான் சொல்ல வருவது காதால் கேட்டுக் கொடுத்த தீர்ப்பு ஒன்று. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எவரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

கோயம்புத்தூரில் பம்பு செட்டு செய்கிற ஒரு கம்பெனி, சங்கரன்கோவிலில் ஒரு கபடிக் கோப்பை நடத்தியது. நாக்-அவுட். தோற்றால் அத்தோடு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கோப்பைக்கு ஆயுசு கொஞ்சம். நடக்கப் பழகி, ஓடத் தொடங்குமுன்பே நின்றுபோனது. இன்றைக்கு அதன் அடையாளம் வேண்டுமென்றால் பனவடலிசத்திரம் பக்கம் டிராக்டர் ஓட்டுகிற யாராவது ஒருவன் முதுகில் பாருங்கள்: வெளுத்த நீலப் பனியன், நடுவில் பாதி அழிந்த பம்பு படம்.

ஆனால் நடந்த கொஞ்ச காலத்தில் அது எங்கள் பக்கத்துப் பையன்களின் தூக்கத்தைக் கெடுத்தது. நம் ஊர் ஆட்டங்களில் என்ன பரிசு? சுழற்கோப்பை, குத்துவிளக்கு, கொழுத்த ஆட்டுக்கிடா. இவர்கள் வேறு ஒன்றைச் சொன்னார்கள். இறுதி ஆட்டத்தில் யார் நன்றாகப் பாடிப் போகிறானோ, அவனுக்குக் கம்பெனி அணியில் இடம், கம்பெனியில் நிரந்தர வேலை. வேலை! கிடாவை அறுத்தால் ஒரு பொழுதில் தீரும். விளக்கை எங்கே வைப்பது என்று வீட்டில் சண்டை வரும். வேலையைக் கொண்டுபோனால் எந்த அம்மாவும் அதை எங்கே வைக்க என்று கேட்கமாட்டாள்.

அந்த வேலைக்காகப் பிறந்தவன் மாதிரி இருந்தான் இசக்கி. பனவடலிசத்திரத்துக்காரன். விடிவதற்குமுன் சங்கரன்கோவில் பூச்சந்தையில் மூட்டை தூக்குவான், சாயங்காலம் ஆட வருவான். அவன் குனிந்து நின்றால் தோளில் பிச்சிப்பூவும் வியர்வையும் கலந்து மணக்கும். போலீஸ் தேர்வுக்கு மூன்று தடவை போய், உயரம் அளக்கிற கட்டையின் கீழே கொஞ்சமாகக் குறைந்து, மூன்று தடவையும் திரும்பி வந்தவன். வயதும் தாண்டிவிட்டது. இந்தக் கம்பெனிக் கதவு ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். அது அவனுக்குத் தெரியும், ஆட வந்த எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் பாட்டைச் சொல்லவேண்டும். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பழகிய தலைமுறை. முப்பது வினாடி ஓடுகிறதா என்று பார்க்கிறீர்களே தவிர, பாடிப் போகிறவன் பாடுகிறானா என்று காது கொடுப்பதில்லை. ஒரே மூச்சில், விடாமல், தெளிவாக, கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே போய்த் தொட்டுத் திரும்ப வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். பாட்டு நின்றால் ஆள் அவுட். ஒவ்வொருவன் பாட்டும் ஒவ்வொரு மாதிரி. சிலர் கத்துவார்கள். சிலர் முனகுவார்கள். சிலர் நடுவில் ‘க’வைத் தொலைத்துவிட்டு ‘படி படி’ என்று மாடி ஏறுவார்கள். இசக்கியின் பாட்டு தையல் மெஷின். உதடு அசையாது. அடிவயிற்றிலிருந்து, சீராக, ஒரே இழையில், பின்னிக்கொண்டே வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவன் எந்தக் கோட்டில் நிற்கிறான் என்று என்னால் சொல்ல முடியும்.

இறுதி ஆட்டம். பனவடலிசத்திரமும் புளியங்குடியும். வெயில் இறங்கி, விளக்குப் போடலாமா வேண்டாமா என்கிற நேரம். செம்மண்ணில் தண்ணீர் தெளித்து அதன் மேல் கம்பெனிக்காரர்கள் நீல மேட் விரித்திருந்தார்கள். நான் தலைமை நடுவர். எதிர்க் கோட்டில் சாகுல் பாய். கடையநல்லூரில் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். எனக்கும் அவருக்கும் சேர்ந்து விசில் ஊதியே பாதி ஆயுசு போயிருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் என் காலைப் பார்த்துச் சிரித்தார்.

“வே, உம்ம முட்டி நொடிக்கிற சத்தம் என் விசில விடப் பெருசாக் கேக்கு. ஆளு அவுட்டுன்னு நெனச்சி எவனாவது போய் உக்காந்திரப் போறான்.”

“உம்ம தொந்தி கோட்ட மறைக்காமப் பாத்துக்கிடும், அது போதும்.”

அவ்வளவுதான் அன்றைய சிரிப்பு.

பாதி ஆட்டம் வரை புள்ளி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இரண்டாம் பாதியில் பனவடலி கொஞ்சம் பின்தங்கியது. இசக்கி பாடிப் போனான். புளியங்குடியின் மூலைக்காரன் கணுக்காலைப் பிடித்தான், இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள் ஒரு முழங்கால் இசக்கியின் பொட்டில் இடித்தது. தேங்காயைத் தரையில் வைத்த மாதிரி ஒரு சத்தம். கூட்டத்துக்குக் கேட்டிருக்காது. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் அவன் விடவில்லை. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டில் விரலை வைத்தான். மூன்று புள்ளி. மைதானம் எழும்பி நின்றது. அவன் மட்டும் எழும்பவில்லை.

நான் ஆட்டத்தை நிறுத்தினேன். முதலுதவிக்கு வந்திருந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். நெற்றி, பிடரி, கழுத்து என்று ஸ்ப்ரேயை மழையாகப் பெய்தார். புளியங்குடி ஆட்கள் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்து அவன் உச்சியில் தேய்த்தார்கள். பகை இல்லாத ஊர்தான் அது. இசக்கி எழுந்து உட்கார்ந்தான், சிரித்தான், நின்றான்.

“என்ன ஊருலே?” என்றார் சாகுல்.

“பனவடலி.”

“எதுத்த டீமு?”

“புளியங்குடி. என்ன பாய், பொண்ணு பாக்க வந்தவர் மாதிரி கேக்கிய? எனக்கு ஒண்ணுமில்ல.”

மருந்துக்கடைக்காரர் நாடி பிடித்துப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்றார். நின்றவன் நேராக நிற்கிறான். கேட்டதற்குப் பதில் சொல்கிறான். ஆட்டம் தொடர்ந்தது.

அடுத்து அவன் முறை வந்தபோது நான் அவன் காலைப் பார்க்கவில்லை. கேட்டேன். நடுக்கோட்டைத் தாண்டும்போதே மெஷினில் இழை அறுந்திருந்தது. கபடி. கபடி. பிறகு ஒரு இடைவெளி. கப. டி. டி. மறுபடி ஒரு மூச்சு. நான் விசில் ஊதிக் கையைத் தூக்கினேன். பாட்டு விட்டுவிட்டான், அவுட்.

மைதானம் கொதித்தது. “ஏ விசிலு! காதுல பஞ்சா வச்சிருக்கீரு?” என்று ஒரு குரல். எனக்குப் பெண் கொடுத்த ஊர் புளியங்குடி என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே இன்னொரு குரல், “மாமனாருக்கு மரியாதை பண்ணுதாருலே! இன்னைக்கு அவருக்கு ராத்திரி கோழிக்கறிதான்!” கைதட்டல், சிரிப்பு. இசக்கி போய் அவுட் ஆனவர்கள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான்.

தம்பிகளா, தங்கச்சிகளா, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் தீர்ப்பு சுலபம். ஏனென்றால் விதி இருந்தது. எனக்கு அவன் உடம்பைப் பற்றி ஒரு பயம் இருந்தது. ஆனால் நான் பயத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாட்டு நின்றது, ஆள் அவுட். விதி எனக்கு முன்னால் சுவராக நின்றுகொண்டு வசவை எல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டது. அவன் வெளியே உட்கார்ந்திருக்கிறான், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படியே ஆட்டம் முடிந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

ஆனால் கபடியில் அவுட் ஆனவன் அவுட்டாகவே இருப்பதில்லை. அவன் அணி எதிராளியில் ஒருத்தனை அவுட் ஆக்கினால், உட்கார்ந்திருப்பவன் எழுந்து உள்ளே வந்துவிடலாம்.

சாகுலுக்குக் கையைக் காட்டிவிட்டு, எவ்வளவு நேரம் மிச்சம் என்று கேட்க, புள்ளி எழுதுகிறவரின் மேஜைப் பக்கம் போனேன். இசக்கி அதற்கு அருகில்தான் உட்கார்ந்திருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. போகிற போக்கில் காதில் விழுந்தது.

கபடி கபடி கபடி கபடி.

மெதுவாக. உதடு அசையாமல். சீராகக்கூட இருந்தது. அவன் பாடிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் இல்லாதவன், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவன், பாடிக்கொண்டிருந்தான்.

குனிந்து கேட்டேன். “என்னலே பாடுத?”

நிமிர்ந்து பார்த்தான். தெளிவான கண். “நான் பாடலியே அண்ணாச்சி.”

அந்த நேரத்தில்தான் மைதானம் வெடித்தது. பனவடலி அணித் தலைவன் பரமசிவன், புளியங்குடியிலிருந்து பாடி வந்தவனை இடுப்போடு தூக்கி அப்படியே உட்காரவைத்துவிட்டான். புள்ளி வித்தியாசம் ஒன்றாகக் குறைந்தது. அதோடு இசக்கிக்கு உயிர் வந்தது. அவன் எழுந்தான், பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான், கோட்டைப் பார்த்து நடந்தான். நான் கையை நீட்டினேன்.

“இருலே.”

“என்ன அண்ணாச்சி? எனக்குத்தான வாய்ப்பு?”

“ஒனக்குத்தான். ஆனா நீ போகாத. மாத்தாளு வரட்டும்.”

கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். என்ன நடக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. பரமசிவன் ஓடி வந்தான். ஆறடி உயரம், நெஞ்சு ஏறி இறங்குகிறது.

“எதுக்கு அண்ணாச்சி மறிக்கிய?”

“இவன் ஆட முடியாதுய்யா.”

“அவன் ஆடுதேங்கான். நீங்க முடியாதுங்கிய. ஒடம்பு யாருது?”

“உக்காந்த எடத்துல பாடிட்டு இருந்தாம்லே. கேட்டா பாடலைங்கான்.”

“ஆசையில பாடுதான் அண்ணாச்சி! நாங்கூடத் தூக்கத்துல பாடுவேன், எம் பொண்டாட்டி எந்திரிச்சு ஒரு மிதி மிதிப்பா. அதுக்காக என்னையும் வெளிய உக்கார வப்பியளா?”

யோசித்துப் பாருங்கள். இருக்கலாம். ஆசையில் பாடியிருக்கலாம். பொட்டில் பொறி தட்டினவன் எல்லாம் விழுந்து போவதில்லை. நானே அடிபட்டு ஆடியிருக்கிறேன்.

“எந்த ரூல்ல இருக்கு, காட்டுங்க” என்றான் பரமசிவன்.

அந்தப் போட்டிக்குப் போட்டிருந்த விதிகள் எனக்கு மனப்பாடம். ரத்தம் வந்தால் வெளியே அனுப்பலாம். எழும்ப முடியாவிட்டால் அனுப்பலாம். ரத்தம் இல்லாமல், நேராக நின்றுகொண்டு, நான் ஆடுகிறேன் என்று சொல்லுகிறவனை நிறுத்த ஒரு வரிகூட இல்லை. சுவர் போய்விட்டது. நான் மட்டும் நின்றேன்.

“ரூல்ல இல்லலே. நான் சொல்லுதேன்.”

அப்போது வந்தான் பாருங்கள் புளியங்குடி அணித் தலைவன். அவன் கத்தியிருந்தால், விதி பேசியிருந்தால், எனக்குத் தாங்கியிருக்கும். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். “விட்டிருங்க அண்ணாச்சி. இசக்கி இல்லாம ஜெயிச்சா எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்கும். நாளைக்கு எவன் மொகத்துல முழிக்க? அவனும் பொழைக்கணும்லா.”

தம்பிகளா, கெட்டவன் தரும் அழுத்தத்தை நீங்கள் எதிர்த்து நின்றுவிடுவீர்கள். அதற்கு நம்மிடம் கோபம் இருக்கிறது, கோபம் ஊன்றுகோல். நல்லவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்று உங்களைப் பார்த்து, விட்டுவிடுங்கள் என்று சொல்லும்போது உங்களுக்கு ஊன்ற ஒன்றுமே இருக்காது. மறித்த கை நீட்டியபடியே இருந்தது. கீழே போட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. கையைத் தாழ்த்தினால் போதும், எல்லாரும் கைதட்டுவார்கள், எனக்கும் கைதட்டுவார்கள்.

இசக்கி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கெஞ்சவில்லை. உயரம் அளக்கிறவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

கம்பெனி சார்பில் வந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். மரியாதையான மனிதர். வெள்ளைச் சட்டையில் அதே பம்பு படம்.

“ஏனுங்க சார், என்னங்க பிரச்சினை? பையன் நல்லாத்தானுங்க நிக்கிறான். அந்த மருந்துக்கடைக்காரரும் சொல்லிட்டாருங்களே. நேரமாவுதுங்க, வீடியோ எடுக்கறவங்க வெளிச்சம் போயிரும்ங்கறாங்க.”

“இவன் உள்ள வந்தா நான் விசில் ஊதமாட்டேங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கோட்டின் அந்தப் பக்கம் பார்த்தார். “அப்படீங்களா. சரிங்க. அவரும் நடுவர்தானுங்களே? மிச்ச ஆட்டத்த அவர வச்சு முடிச்சுக்கலாமுங்களா?”

எல்லா முகமும் சாகுல் பாய் பக்கம் திரும்பியது.

சாகுலுக்கு இசக்கி பாடியது கேட்டிருக்க வழியில்லை. அவர் நின்றது எதிர்க் கோட்டில். அவர் கேட்ட கேள்விக்கு இசக்கி ஒழுங்காகப் பதில் சொன்னது மட்டும்தான் அவருக்குத் தெரியும். விசிலை வாயில் வைத்தால் அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. மைதானமே அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அவர் கழுத்திலிருந்து விசில் கயிற்றைக் கழற்றினார். நிதானமாக அதைச் சுருட்டினார். பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“எனக்கு மூச்சு வாங்குது சார். தொந்தி. அவரையே கேளுங்க.”

பிறகு நீல மேட்டைக் கடந்து என் அருகில் வந்தார். என் காதுக்கு மட்டும் கேட்கிற குரல். “வே, நீரு கேட்டது நெசந்தானா?”

“நெசந்தான் பாய்.”

“அப்ப நின்னுக்கிடும். அல்லா இருக்கான்.”

ஒரு நடுவருக்கு இன்னொரு நடுவர் தரக்கூடியது அவ்வளவுதான். தான் கேட்காததை, கேட்டவன் சொல்லுக்காக நம்புவது. உங்களில் யாராவது கோட்டின் அந்தப் பக்கம் நிற்க நேர்ந்தால் சாகுலை நினைத்துக்கொள்ளுங்கள். விசிலை ஊதுவதற்கு எல்லாரும் கற்றுத்தருவோம். பைக்குள் போடுவதற்கு யாரும் கற்றுத்தர முடியாது.

பரமசிவன் தரையில் காலை உதைத்தான். மாற்று ஆளை உள்ளே அனுப்பினான். இசக்கி திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்து முகத்தைப் பனியனால் மூடிக்கொண்டான். மிச்ச ஆட்டம் முழுக்க என் மேல் ஆரஞ்சுத் தோலும் தண்ணீர்ப் பாக்கெட்டும் விழுந்துகொண்டே இருந்தன. கடைசிப் பாட்டுக்குப் பரமசிவன் போனான். ஒருத்தனைத் தொட்டால் சமன், இரண்டு பேரைத் தொட்டால் கோப்பை. மூலைக்காரன் தப்பித்தான். பரமசிவனின் விரலுக்கும் அவன் தோளுக்கும் நடுவில் நான் பார்த்த அந்தக் காற்று இன்றும் எனக்குத் தெரியும். ஒரு புள்ளியில் பனவடலிசத்திரம் தோற்றது. இசக்கி போயிருந்தால் அந்த மூலைக்காரனைத் தொட்டிருப்பான். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை.

பரிசு கொடுக்கிற ஆரவாரத்துக்குள் சாகுல் இசக்கியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் பின்னாலேயே பஸ்ஸில் போனேன். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், ஒன்றும் தெரியவில்லை, கொஞ்ச நாள் ஆடாமல் ஓய்வில் இருக்கட்டும் என்றார்.

“வழியெல்லாம் ஸ்கோர் என்ன, ஸ்கோர் என்னன்னு கேட்டுட்டே வந்தான்வே” என்றார் சாகுல், ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டே. “சொல்லுதேன். மறுபடி கேக்கான்.”

“அது தலையில அடிபட்டதாலயா இருக்குமோ?”

“தோத்தவன் எல்லாவனும் அதத்தான் கேப்பான்.” டீயை ஊதினார். “எனக்குத் தெரியல. உமக்கும் தெரியாது.”

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன், சுற்றிச் சுற்றி வருகிறேன். ஸ்கேனில் ஏதாவது தெரிந்திருந்தால் நான் அன்றைக்கே பெரிய மனிதன் ஆகியிருப்பேன். ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆட்டத்தின் வீடியோ ஊர் ஊராக, போன் போனாகப் போயிற்று. அதில் எல்லாம் இருந்தது. இசக்கி நேராக நடந்து வருகிறான். நல்ல உடம்போடு நிற்கிறான். குறுக்கே ஒரு கை நீண்டு மறிக்கிறது. எடுத்தவன் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்திருந்தான். மேளச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவன் பாட்டு கேட்கவே இல்லை. அடுத்த தெருவில் டீக்கடையில் உட்கார்ந்தால் அந்த வீடியோவை எனக்கே போட்டுக் காட்டினார்கள். “பாருங்க, நல்லாத்தான நிக்கான்?” என்றார்கள். பார்த்தேன். நன்றாகத்தான் நின்றான்.

அடிபட்டு வீழ்ந்தவனுக்குச் சாட்சி உண்டு. வீழாமல் தப்பித்தவனுக்கு என்ன சாட்சி? நாம் நிறுத்தியதால் நடக்காமல் போனது, நடக்காமல் போனதுதானே. அதை எங்கே போய்த் தேட? கூட்டத்துக்குக் காட்ட நம் கையில் ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு வீட்டுக்கு நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வேறு எதையும் நான் கற்றுத்தரப் போவதில்லை.

வேலை புளியங்குடியிலிருந்து பாடிப் போனவனுக்குக் கிடைத்தது. கெட்டிக்காரன், அவனுக்கும் தகுதி உண்டு. கோயம்புத்தூர்க்காரர் அன்றைக்குச் சாகுலின் காரில் ஏறப்போன இசக்கியின் தோளைத் தட்டி, “அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க தம்பி, உங்க ஆட்டத்த நான் மறக்கமாட்டேன்” என்று சொல்லியிருந்தார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வருசம் என்று ஒன்று அந்தக் கோப்பைக்கு வரவில்லை. கம்பெனி தன் விளம்பரத்தைக் கிரிக்கெட் பக்கம் கொண்டுபோய்விட்டது. நீல மேட்டை லாரியில் சுருட்டி ஏற்றினார்கள். அதன் கீழே செம்மண் இறுகிப்போய், ஆட்ட எல்லைகளின் அச்சு மட்டும் கொஞ்ச நாள் கிடந்தது. ஒரு மழை பெய்தது. அதுவும் இல்லை.

இசக்கி என்னோடு பேசவில்லை. பூச்சந்தைப் பக்கம் நான் போனால் மூட்டைக்குப் பின்னால் திரும்பிக்கொள்வான். ஓய்வு முடிந்து மறுபடி ஆடினான், முன்பு மாதிரியே ஆடினான், நான் நடுவராக நிற்கிற ஆட்டங்களுக்கு மட்டும் வரமாட்டான். நானும் போய்ப் பேசவில்லை. பேசினால் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. நியாயம் பேச அதைவிட வராது.

பிறகு ஒரு நாள் மத்தியானம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். திருப்பூர் பஸ். கையில் ஒரு பை, தோளில் ஒரு பை. பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், அங்கே ஒரு அணியும் இருக்கிறதாம், ஆடுகிறவனுக்கு ஷிப்டில் கொஞ்சம் சலுகை உண்டாம். இதை எல்லாம் பரமசிவன்தான் சொன்னான், வழியனுப்ப வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பரமசிவன் சட்டென்று, “தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாரேன்” என்று கடைப்பக்கம் போய்விட்டான். வேண்டும் என்றுதான் போனான்.

நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸின் நிழலில் நின்றோம். டிரைவர் ஏறி உட்கார்ந்து என்ஜினைப் போட்டார். இசக்கி பையைக் கைமாற்றிக்கொண்டான்.

“நீங்க விட்டிருந்தா அந்தக் கடைசிப் பாட்டுக்கு நான்தான் போயிருப்பேன் அண்ணாச்சி.”

“நீதான் போயிருப்ப.”

“மூலைக்காரனத் தொட்டிருப்பேன்.”

“தொட்டிருப்ப. பக்கத்துல நின்னவனையும் சேத்து.”

“அந்த வேல எனக்குத்தான் கெடச்சிருக்கும்.”

“ஒனக்குத்தான்.”

அவன் என் முகத்தையே பார்த்தான். கண்டக்டர் படியில் நின்று விசில் ஊதினார். பஸ் ஒரு முழம் நகர்ந்தது. அவன் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினான்.

“இவ்வளவும் தெரிஞ்சுதான் மறிச்சீயளா?”

“தெரிஞ்சுதாம்லே.”

“அப்பச் சரி அண்ணாச்சி. வாரேன்.”